நொய்யல் நாச்சியாருக்கு நூறாவது கருத்து

திருப்பூர் நூல்நயக் கழகத்தில் புத்தகம் படிக்கிற வழக்கம் இல்லை. பாராட்டுகிற வழக்கம்தான் உண்டு. கழகத்தின் விதிமுறை ஏட்டில் 'பாராட்டு' என்ற சொல் அறுபத்திரண்டு இடங்களில் வருகிறது. 'வாசிப்பு' என்ற சொல் ஒரே ஓர் இடத்தில், 'வாசிப்பு அறையில் வெற்றிலை எச்சில் துப்பக் கூடாது' என்ற விதியில் வருகிறது.

கழகம் பனியன் கம்பெனி முதலாளி ரத்தினசாமியின் கிடங்குக்கு மாடியில் இருந்தது. அவர்தான் தலைவர். கீழே நூல் மூட்டை, மேலே நூல் நயம் என்று அவரே கூட்டந்தோறும் சொல்வார். கூட்டந்தோறும் எல்லோரும் சிரிப்பார்கள். செயலாளர் புலவர் ஞானசம்பந்தம், உயர்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவர்.

அறுபத்து மூன்றாம் வருஷம் ஐப்பசியில் கழகம் ஒரு பெரிய காரியத்தில் இறங்கியது. தலைவருடைய மச்சினர் தங்கவேலு 'கொங்கேந்திரன்' என்ற பெயரில் 'நொய்யல் நாச்சியார்' என்ற சரித்திரக் காதல் நாவல் எழுதியிருந்தார். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கொங்கு நாட்டில் ஓர் இளவரசி, பகைநாட்டில் ஓர் இளவரசன், நடுவில் அறுநூற்று நாற்பது பக்கம். இந்த நாவலுக்கு நூறு வாசகர்களின் கருத்துரைகளைத் திரட்டி மலராக வெளியிட்டு விழா எடுப்பது என்று முடிவாயிற்று.

தொண்ணூற்றொன்பது கருத்துரைகள் ஒரே வாரத்தில் வந்துவிட்டன. அந்த வாரம் நாவல் இன்னும் அச்சகத்தில் இருந்தது. அதை யாரும் ஒரு தடங்கலாக எண்ணவில்லை. வக்கீல்கள், டாக்டர்கள், நகரசபை உறுப்பினர்கள், பஞ்சு வியாபாரிகள் எல்லோரும் எழுதியிருந்தார்கள். நூறாவது இடத்தை மட்டும் ஒரு தொழிலாளிக்கு ஒதுக்கி வைத்திருந்தார்கள். இலக்கியம் உழைப்பாளியையும் எட்டிவிட்டது என்று தலைவர் தம் உரையில் சொல்ல வேண்டியிருந்தது. உரை முன்பே தயாராகிவிட்டது.

கம்பெனியில் படிக்கிற ஆள் யார் என்று முதலாளி கேட்டார். எல்லோரும் செக்கிங் மேசையைக் கைகாட்டினார்கள்.

அங்கே சுப்பையன் இருந்தான். முப்பத்தெட்டு வயது, எட்டாம் வகுப்பு வரை படித்தவன். கண்ணாடி மேசைக்கு அடியில் பல்பு எரியும். பின்னி வந்த பனியன் துணியை அதன்மேல் இழுத்துக்கொண்டே போவான். ஓட்டையோ இழை அறுந்த இடமோ தென்பட்டால் சாக்கட்டியால் வட்டம் போடுவான். வட்டம் அதிகமானால் அந்தத் துணி 'செகண்ட்ஸ்' என்ற மட்டரகக் குவியலுக்குப் போய்விடும். பதினேழு வருஷமாக இதே வேலை. ஞாயிற்றுக்கிழமை கிளை நூலகத்துக்குப் போய் ஏதாவது ஒரு புத்தகம் எடுத்து வருவான். கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பான்.

மாடிக்கு அவனைக் கூப்பிட்டார்கள். பட்டு விரித்த நாற்காலியில் நாவல் உட்கார்ந்திருந்தது. மனிதர்கள் நின்றார்கள்.

"சுப்பையா, நீ நெறையப் படிப்பியாமா. இதைப் படிச்சு ஒரு கருத்து எழுதிக் குடுப்பா," என்றார் முதலாளி.

"எனக்கு என்னுங்க தெரியும்?"

"உனக்குப் பட்டதை எழுது. அது போதும்."

'பட்டதை எழுது' என்ற வார்த்தையைச் சுப்பையன் அப்படியே எடுத்துக்கொண்டான். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அதுவே காரணம்.

மூன்று வாரம் படித்தான். வேலை முடிந்து வந்து முகம் கழுவியதும் வாசற்படியில் உட்கார்ந்து சத்தம் போட்டுப் படிப்பான். அவன் மனைவி தெய்வாத்தாளும் அதே கம்பெனியில் பனியன் மடிக்கிற வேலை பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்பாள்.

கொங்கேந்திரன் இருபத்தெட்டு வருஷம் சார்பதிவாளராக இருந்தவர். அது நடையில் தெரிந்தது. இளவரசியின் அழகை வர்ணிக்கிற இடத்தில், நெற்றிக்கு வடக்கே கருங்கூந்தல், தெற்கே வில்லொத்த புருவம், கிழக்கிலும் மேற்கிலும் குழைக்காது, இந்நான்கெல்லைக்கு உட்பட்ட திலகம் என்று எழுதியிருந்தார். இளவரசன் காதலைச் சொல்லும்போது தன் இதயத்தை இளவரசிக்கும் அவள் வாரிசுகளுக்கும் சர்வ சுதந்திர பாத்தியதையாக விட்டுக்கொடுத்தான்.

"ஏனுங்க, கெரயம் பண்றாங்களா, கண்ணாலம் பண்றாங்களா?" என்று தெய்வாத்தாள் கேட்டாள்.

"தெரியல. பாப்பம்."

இருநூறாவது பக்கத்துக்கு மேல் இளவரசி அழ ஆரம்பித்தாள். நான்கு நாள் கழித்தும் அழுதுகொண்டிருந்தாள்.

"அந்தப் புள்ள எப்பங்க சோறு திங்கும்? நானும் ஆரம்பத்துல இருந்து பாக்கறேன், ஒரு வாய் திங்கலை. அழுகறதுக்காச்சும் தெம்பு வேண்டாமா?"

சுப்பையன் ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டான்.

படித்து முடித்த அன்றைக்குக் குறிப்பு மூன்று தாள் ஆகியிருந்தது. தெய்வாத்தாளுக்குக் கொஞ்சம் பயம் வந்தது.

"நல்லாருக்குதுன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துட்டு வந்துருங்க. மொதலாளி ஊட்டு ஒறம்பரை எழுதினதுங்க அது."

"ஓட்டை இருக்கறப்ப இல்லீன்னு எப்படிச் சொல்றது? அவங்க பட்டதை எழுதுன்னுதான் சொன்னாங்க."

அவன் எழுதிக் கொடுத்தது கழக ஆவணத்தில் இன்றும் இருக்கிறது. முப்பத்தொன்றாம் பக்கத்தில் இளவரசனுக்கு இடது தோளில் வெட்டுக்காயம், ஐம்பத்தெட்டில் அதே காயம் வலது தோளில் ஆறுகிறது என்று தொடங்குகிறது. நாவலில் நொய்யல் ஆறு கிழக்கிலிருந்து மேற்கே ஓடுகிறது, நம் ஊரில் அப்படி ஓடவில்லை என்கிறது. நூற்றுப் பன்னிரண்டில் செத்த குதிரைமேல் நூற்று நாற்பதில் ஏறி வருகிறார்கள். இருநூற்று எண்பத்தெட்டில் மணி நாலரை, கடிகாரம் ஏது என்று தெரியவில்லை. இளவரசி அம்மணி சாப்பிடவே இல்லை, இது வீட்டில் கேட்டது. 'நானூற்றுப் பதினாறாம் பக்கத்தில் இளவரசர் பாதாளச் சிறையில் இருக்கிறார், பசித்த புலியைத் திறந்து விடுகிறார்கள். அடுத்தாற்போல் 417 வரவில்லை. 401 முதல் 416 வரை மறுபடி ஒருமுறை வருகிறது. அதற்கப்புறம் 433. அதில் அவர் கல்யாண மாலையைச் சரிசெய்துகொள்கிறார். எப்படி வெளியே வந்தார் என்பது இல்லை. மொத்தம் நாற்பத்தேழு டேமேஜ். முதல் ரகத்தில் அனுப்ப முடியாது. செகண்ட்ஸில் போடலாம். இப்படிக்கு, சுப்பையன்.'

புலவர் ஞானசம்பந்தம் இதைப் படித்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார்.

அடுத்த ஞாயிறு காலை கருத்துச் சீராய்வுக் குழு கூடியது. தலைவர், புலவர், ஒரு வக்கீல், ஒரு டாக்டர், ஒரு நகரசபை உறுப்பினர் உட்படப் பதினொரு பேர். சுப்பையனை நடுவில் ஒரு முக்காலியில் உட்கார வைத்தார்கள். புலவர் எழுந்தார்.

"தோழர் சுப்பையன் அவர்கள் ஒன்றை உணர வேண்டும். கருத்து என்பது வாசகரிடத்தில் பிறப்பதன்று. அது கழகத்தில் பிறந்து, குழுவில் வளர்ந்து, இறுதியில் வாசகரிடத்தில் போய்ச் சேருவது. தாங்கள் வரிசை மாறி வந்துவிட்டீர்கள்."

"தெரியாமப் போச்சுங்க," என்றான் சுப்பையன்.

அச்சடித்த படிவம் ஒன்றை அவனிடம் கொடுத்தார்கள். பட்டதாரிகளுக்கான படிவத்தில் 'படித்தேன், சுவைத்தேன், மெய்சிலிர்த்தேன்' என்று இருக்கும். தொழிலாளருக்கான படிவத்தில் படித்ததும் சுவைத்ததும் இல்லை, 'கண்ணீர் மல்கினேன்' மட்டும் இருந்தது. பெயர் எழுதக் கோடு விட்டிருந்தார்கள்.

"எழுதிர்றனுங்க. அந்தப் பதினாறு பக்கம் மட்டும் எங்கிருக்குதுன்னு சொன்னீங்கன்னா படிச்சுப் போட்டு எழுதிர்றேன்."

"உன் பிரதியில் ஏதோ பிசகு," என்றார் வக்கீல்.

அலமாரியிலிருந்து வேறொரு பிரதி எடுத்தார்கள். அதிலும் 401 இரண்டு முறை வந்தது. இன்னொன்று. அதிலும் அப்படியே. பன்னிரண்டு பிரதிகளைப் பார்த்தார்கள். பன்னிரண்டில் பத்துக்கு இன்னும் ஓரம் வெட்டாமல், தாள் ஒட்டியபடி இருந்தது. பேனாக் கத்தியால் கிழித்துத்தான் பார்க்க முடிந்தது.

இப்போது ஒரு சிக்கல் எழுந்தது. வக்கீல் தம் கருத்துரையில், சுரங்கம் வழியே இளவரசன் தப்பும் காட்சிக்கு ஈடாகத் தமிழில் வேறொன்று இல்லை என்று எழுதியிருந்தார். டாக்டரோ, வெறுங்கையால் புலியை மடக்கி வெளியேறும் காட்சியைப் படித்துத் தம் நாடித்துடிப்பு ஏறியதாக எழுதியிருந்தார். நகரசபை உறுப்பினருக்குப் பிடித்தது காவலன் வேஷத்தில் நழுவும் காட்சி.

"நானே படித்தேன்," என்றார் டாக்டர்.

"எந்தப் பிரதிங்க அது?" என்று சுப்பையன் கேட்டான். அவன் குத்தலாகக் கேட்கவில்லை. அந்தப் பிரதி கிடைத்தால் இரவல் வாங்கலாம் என்று நினைத்தான்.

ஆசிரியரையே அழைத்து வர ஜீப் போயிற்று. கொங்கேந்திரன் பொன்னாடையோடு வந்தார். யாராவது கூப்பிட்டாலே போர்த்திக்கொண்டு வருவது அவர் வழக்கம். விஷயத்தைக் கேட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடினார்.

"எழுதினதை நான் திரும்பிப் படிக்கறதில்லைங்க. இருபத்தெட்டு வருஷம் பத்திரம் பதிஞ்சேன். ஒண்ணையாவது படிச்சிருப்பனா? கையெழுத்தும் முத்திரையும் சரியா இருக்குதான்னு பாப்பேன், அவ்வளவுதான். ஆனா அந்தச் சிறைக் காட்சியைக் கண்ணீர் விட்டுத்தான் எழுதினேன். அது நல்லா நெனவு இருக்குது."

"இளவரசர் எப்படிங்க வெளிய வந்தாரு?"

"அது நெனவு இல்லை."

"கையெழுத்துப் பிரதி?" என்றார் புலவர் மெல்ல.

அச்சகத்தில் அதைப் பக்கத்து மளிகைக் கடைக்குப் பொட்டலம் மடிக்கக் கொடுத்துவிட்டார்கள் என்று தெரிய வந்தது.

இளவரசன் தப்பிய வழியை வாக்கெடுப்புக்கு விட்டார்கள். ஆசிரியருக்கும் ஒரு வாக்கு. சுரங்கத்துக்கு ஆறு, புலிக்கு நான்கு, வேஷத்துக்கு இரண்டு. ஆசிரியர் புலிக்குப் போட்டுத் தோற்றார். பெரும்பான்மைக்குக் கட்டுப்படுவதாக எழுந்து நின்று சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள்.

"தீர்ந்துபோச்சல்ல?" என்றார் முதலாளி. "சுரங்கம்னு சேத்து எழுதிக் குடு சுப்பையா."

"நான் படிக்காததை எப்படிங்க?"

முதலாளி அவனைப் பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்படாமல் செய்கிற காரியங்கள் அவருக்கு நன்றாக வரும்.

"உனக்கு ஓட்டையாவே தெரியுது. கண்ணுக்குக் கொஞ்ச நாள் ஓய்வு குடுப்பம். கருத்துச் சரியாகட்டும், அப்பறம் மேசைக்கு வா."

திங்கட்கிழமை முதல் சுப்பையனைக் கழிவுக் கிடங்கில் போட்டார்கள். வெட்டி விழுந்த துணித் துண்டுகளையும் பஞ்சுப் பிசிறையும் மூட்டை கட்டுகிற இடம். ஜன்னல் கிடையாது. அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே கொஞ்சம் இழுப்பு உண்டு. இரண்டு வாரத்தில் பேசும்போதே நெஞ்சு விசிலடித்தது. செக்கிங் மேசைக்குப் புலவரின் தங்கை மகன் கன்னையன் வந்தான். அவன் கண்ணுக்கு எதுவும் படவில்லை. துணி சரசரவென்று போயிற்று. வேலை வேகமாக நடக்கிறது என்று முதலாளி மகிழ்ந்தார்.

தை மாதம் விழா வைத்தார்கள். விழாவுக்கு முதல் நாள் தெய்வாத்தாள் தூதுவளை ரசம் வைத்துக் கொடுத்தாள். மேடையில் அவன் வாசிப்பதற்கென்று புலவர் எழுதி அனுப்பிய கருத்துரைத் தாள் அலமாரிமேல் இருந்தது.

"படிச்சுப் போட்டு வந்துருங்க," என்றாள். "ஊருல எத்தனையோ பேர் என்னென்னமோ படிக்கறாங்க. இந்த நெஞ்சோட அந்தக் கெடங்குல எத்தனை நாளைக்கு இருப்பீங்க?"

"படிச்சர்றேன்," என்றான். அவன் பொய் சொல்லவில்லை. படித்துவிடுவது என்றுதான் முடிவு செய்திருந்தான். ஓட்டமாகப் படித்தால் ஒரு நிமிஷம்கூட ஆகாது என்று இரண்டு முறை படித்தும் பார்த்தான்.

மறுநாள் காலையில் நாவலைப் பூ அலங்காரம் செய்த ஜீப்பில், வெண்கொற்றக் குடையின் கீழ் கடைவீதி வழியாக ஊர்வலம் கொண்டுபோனார்கள். நாதஸ்வரம் முன்னால் போயிற்று. சந்தைக்கு வந்தவர்கள் சாமி என்று நினைத்துச் செருப்பைக் கழற்றினார்கள். கல்யாண மண்டபத்தில் மேடையில் தொண்ணூற்றொன்பது கருத்தாளர்களும் நான்கு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கீழே கம்பெனித் தொழிலாளர்களை நிரப்பியிருந்தார்கள். வராதவர்களுக்கு அரை நாள் ஆப்சென்ட் என்று சொல்லியிருந்தார்கள்.

தலைவர் பேசினார். "இந்த நாவலை நான் படிச்சுத்தான் பாராட்டோணும்னு இல்லை. எங்க மச்சினர் எப்படிப்பட்டவருன்னு எனக்குத் தெரியும். நல்ல நூல்னா கையில எடுத்ததுமே தெரியும். நூல் மூட்டையில நாப்பதாம் நம்பரா, அறுபதாம் நம்பரான்னு பிரிச்சா பாக்கறோம்?" என்றார். அதற்கும் கைதட்டினார்கள்.

பிறகு சுப்பையனைக் கூப்பிட்டார்கள். தோளில் துண்டு போர்த்தினார்கள். அவன் தாளை விரித்தான்.

"தமிழன்னையின் மணிமுடியிலே பதித்த வைரம்..." என்று ஆரம்பித்தான். இழுப்பினால் நிறுத்தி நிறுத்தித்தான் வந்தது. ஆட்காட்டி விரலை வரியின் மேல் வைத்து நகர்த்திக்கொண்டே போனான். ஐந்தாவது வரியில் விரல் நின்றுவிட்டது. அவன் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. பதினேழு வருஷமாக அந்த விரல் அப்படிப் பழகிவிட்டது.

ஒலிபெருக்கியில் அவன் மூச்சு மட்டும் கேட்டது.

"இங்க," என்றான். "இளவரசர் சுரங்க வழியா வெளிய வர்ற காட்சியைப் படிச்சுக் கண்ணீர் மல்கினேன்னு இருக்குதுங்க. நான் அதைப் படிக்கலீங்க. மேடையில தொண்ணூத்தொம்பது பேர் இருக்கறீங்க. ஆராச்சும் ஒருத்தர் அந்தப் பக்கத்தைப் படிச்சிருந்தா கையத் தூக்குங்க. உங்களை நம்பி நான் மிச்சத்தைப் படிச்சர்றேன்."

டாக்டர் தம் மோதிரத்தைப் பார்த்தார். வக்கீல் தரையைப் பார்த்தார். நகரசபை உறுப்பினர் பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்துத் தனியாகக் கைதட்டி, பாதியில் நிறுத்திக்கொண்டார். ஆசிரியர் பொன்னாடையை இழுத்து விட்டுக்கொண்டார். தொண்ணூற்றொன்பது பேரில் ஒரு கைகூட எழவில்லை.

அப்போது கீழே பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"நான் முழுசாக் கேட்டனுங்க. அந்தப் பக்கமே இல்லீங்க."

தெய்வாத்தாள் எழுந்து நின்றிருந்தாள். மேசை வேலை போனால் போகட்டும் என்று அந்த நேரத்தில் தோன்றிவிட்டதாகப் பின்னால் சொன்னாள். அத்தனை பெரிய மனிதர்கள் முன்னால் அவன் ஒண்டியாக மூச்சு வாங்கிக்கொண்டு நின்றதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அந்தப் புள்ளைக்கு ஒரு வாய் சோறும் போடலீங்க," என்று மேலும் சொன்னாள்.

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பெண்கள் பக்கம் முழுவதும் பரவி, ஆண்கள் பக்கம் தாவியது. பனியன் மடிக்கிற மருதாள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். தலைவர் நாதஸ்வரக்காரர்களுக்குச் சைகை காட்டினார். அவர்கள் அவசரத்தில் கெட்டிமேளம் வாசித்துவிட்டார்கள். விழா அத்தோடு முடிந்தது.

அன்றைக்குப் பிற்பகலே கழகத்தின் அவசரக் கூட்டம் நடந்தது. தவறு எங்கே நேர்ந்தது என்று நான்கு மணி நேரம் ஆராய்ந்தார்கள். அச்சகத்தின் மேல் தவறில்லை, ஆசிரியர் மேல் தவறில்லை என்று கண்டார்கள். கடைசியில் விதிமுறை ஏட்டில் பதினான்கு-அ என்று ஒரு புது விதி சேர்த்தார்கள்: 'கருத்துரை வழங்குபவர் அந்நூலைப் படித்தவராக இருத்தல் கூடாது. படித்தவர் எனத் தெரியவரின் அவரது கருத்துரை தள்ளுபடி செய்யப்படும்.' விதி ஒருமனதாக நிறைவேறியது. மலரும் வெளிவந்தது. அதில் நூறாவது இடத்தில் 'பெயர் வெளியிட விரும்பாத தொழிலாளி' ஒருவர் கண்ணீர் மல்கியிருந்தார்.

சுப்பையன் கழிவுக் கிடங்கிலேயே கிடந்தான். தெய்வாத்தாளையும் மடிப்பு வேலையிலிருந்து மாற்றி அவனோடு மூட்டை கட்ட அனுப்பினார்கள். அதைத் தண்டனை என்று நினைத்துத்தான் செய்தார்கள். இருவரும் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு வேலை பார்த்தார்கள். இழுப்பு அதிகமான நாளில் அவன் பங்கு மூட்டையையும் அவளே கட்டினாள். மங்கலத்தில் ஒரு தறிப் பட்டறையில் ஆள் கேட்பதாகச் சொன்னார்கள். சித்திரைக்கு அங்கே போய்விடலாம் என்று பேசிக்கொண்டார்கள்.

பங்குனி கடைசியில் கல்கத்தாவிலிருந்து சரக்கு திரும்பி வந்தது. கன்னையன் பார்த்து அனுப்பிய சரக்கு. ரயிலடியிலிருந்து வண்டி வண்டியாக வந்து இறங்கியது. முதலாளி ஒரு பனியனை எடுத்து வெளிச்சத்தில் விரித்தார். அதன் வழியாக எதிர்ச் சுவரின் காலண்டரைப் படிக்க முடிந்தது.

சுப்பையனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நாளையிலிருந்து மேசைக்கு வந்துரு," என்றார். "தெய்வாத்தாளும் மடிப்புக்கே வரட்டும்."

"சரிங்க."

அவன் உடனே போகாமல் நின்றதில் அவருக்கு ஏதோ சொல்ல வேண்டும் போலிருந்தது. ஒரு பெரிய மனிதர் தாழ்ந்து பேசுவதுபோல் ஆகிவிடக் கூடாது என்று குரலைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார்.

"நீ ஒண்ணை வெளங்கிக்கோணும் சுப்பையா. துணி வேற, பொஸ்தகம் வேற. துணியில ஓட்டை இருந்தா வாங்கினவன் திருப்பித் தாட்டிவுட்டுருவான். பொஸ்தகத்தை எவன் திருப்பித் தாட்டிவுட்டான், சொல்லு பாப்பம்?"

"நான் தாட்டிவுட்டனுங்க," என்றான் சுப்பையன்.

முதலாளி மேசைமேல் இருந்த கல்கத்தாத் தந்தியை எடுத்து மறுபடி படிக்க ஆரம்பித்தார். சுப்பையன் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான். கிடங்கு வாசலில் தெய்வாத்தாள் மூக்குத் துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, என்ன சொன்னார்கள் என்று கேட்கக் காத்திருந்தாள்.